நாமக்கல் முட்டை அட்டையும் கோயமுத்தூர் காயிலும்: நல்ல ஸ்பீக்கரை இங்கேயே மலிவாகச் செய்ய ஆகுமா?

கணபதி_லேத் | 11 ஜனவரி, இரவு 10:40

வணக்கமுங்க எல்லோருக்கும். கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைவதுதான் பிழைப்பு. எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்பீக்கர் பெட்டி செய்வது என் கிறுக்கு (வீட்டில் வைத்த பெயர்).

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பதினோரு வருடத்துக்கு முன்னால் நல்ல விலை கொடுத்து வாங்கியது. பேஸ் கொடுக்கிற வூஃபரைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையத்தில் விரல் வைத்தேன், டீயில் ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்துவிட்டது. காந்தம், காயில், சட்டம், கோன் (காற்றைத் தள்ளுகிற காகிதக் கூம்பு) எல்லாம் திடமாக இருக்கின்றன. விற்ற கம்பெனியைக் கேட்டதற்கு அந்த மாடல் நின்றுபோய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில். ஒரு வளையத்துக்காக ரெண்டு பெட்டியும் குப்பைக்கு.

நம்ம ஊரில் சப்மெர்சிபிள் மோட்டார் புகைந்தால் யாராவது தூக்கிப் போடுகிறோமா? காயில் கட்டுகிற கடைக்குப் போகிறது, மூன்றாம் நாள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்கிறது. ஸ்பீக்கரும் ஒரு மோட்டார்தானே. 1925ல் ரைஸ், கெல்லாக் என்று ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரெண்டு ஆட்கள் காட்டிய அமைப்புதான் இன்றைக்கும் ஓடுகிறது. காந்த இடைவெளிக்குள் ஒரு காயில், காயிலோடு ஒட்டிய ஒரு கோன். சுற்றுவதற்குப் பதில் முன்னும் பின்னும் போகிறது, அவ்வளவுதான்.

அதனால் ஒரு யோசனை. காந்தத்தின் மேலே வைக்கிற இரும்பு வளையமான டாப் பிளேட்டும், நடுவில் நிற்கிற இரும்புத் தண்டான போல் பீஸும் நானே கடைவேன். காயில் சுற்றக் கம்பிக்கும் ஆளுக்கும் இங்கே பஞ்சமில்லை. காயிலைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கிற ஸ்பைடர் என்பது பிசினில் தோய்த்துச் சூட்டில் அழுத்திய பருத்தித் துணி. சோமனூரிலும் பல்லடத்திலும் தறி ஓடாத தெரு உண்டா? காந்தம் மட்டும் வெளியே வாங்கோணும். கோனுக்குத்தான் வழி தெரியவில்லை. எனக்கு வேண்டியது, கேட்க நன்றாக இருக்கிற, திருப்புளி வைத்துப் பிரிக்கக்கூடிய, ஒரு ஜோடி ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர். ஆகுமா, ஆகாதா? கழுவி ஊற்றினாலும் பரவாயில்லை.

---

செட்டுக்காரர்_தாராபுரம் | 12 ஜனவரி, காலை 6:15

தம்பி, நோம்பிக்கு நோம்பி மைக் செட் கட்டி இருபத்தேழு வருஷம் ஆகிறது. நீங்கள் சொல்கிற பழுதுபார்ப்பு எங்களுக்குப் புதுசு இல்லை. பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் எரிந்தால் நாங்கள் ரீகோன்தான் பண்ணுவோம், அதாவது கோன், காயில், ஸ்பைடர் மட்டும் புதுசாக மாற்றுவோம். வீட்டு ஸ்பீக்கர்க்காரர்கள்தான் தூக்கிப் போடுகிறீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய கோனையும் ஸ்பைடரையும் பிளேடால் அறுத்து எடுக்கோணும். காந்த இடைவெளியில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது. டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருகிற மாதிரி மடித்து உள்ளே விட்டுச் சுற்றி வந்தால் கறுப்பாக ஏறி வரும். டேப் வெள்ளையாக வரும்வரை விடக் கூடாது. அப்புறம் புதுக் காயிலை இறக்கி, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில் எக்ஸ்ரே படத்தைத் துண்டு துண்டாக நறுக்கிச் சொருகோணும். அதுதான் காயிலை நடுவில் நிறுத்தும். முதலில் ஸ்பைடரை ஒட்டி, பிறகு கோனை ஒட்டி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்து, படத்தை உருவி, கையால் மெல்ல அழுத்திப் பார்க்கோணும். ‘சர்க்’ என்று ஒரு உரசல் கேட்டால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து.

நான் ஃபோம் ஓரத்தை வாங்கவே மாட்டேன். எங்கள் ஸ்பீக்கர் ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பாகப் பசை பூசிய துணி. என்னிடம் இருக்கும் ஒன்று என் அப்பா காலத்தது, வெயிலும் மழையும் பார்த்தது. ஓரம் இன்னும் அப்படியே இருக்கிறது.

---

ஓம்_விதி | 12 ஜனவரி, இரவு 9:05

கணபதி அண்ணா, கழுவி ஊற்றச் சொன்னதால் ஊற்றுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பீளமேட்டில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறேன். ஸ்பீக்கர் அளப்பது எனக்கும் கிறுக்குதான்.

சாமான்களை இங்கே செய்துவிட்டால் நல்ல ஸ்பீக்கர் வந்துவிடும் என்பதில் பாதிதான் சரி. ரெண்டு வூஃபரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பெட்டி அந்த வூஃபருக்கென்று கணக்குப் போட்டதாக இருக்க வேண்டும். இந்த ரெண்டும் இல்லாவிட்டால் தங்கத்தில் காயில் சுற்றினாலும் வீண்.

பெட்டிக் கணக்கு மந்திரம் இல்லை. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961ல் ஆரம்பித்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் முடித்துவைத்த கணக்கு. ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு (தட்டிவிட்டால் தானாக அதிர்கிற வேகம்) எத்தனை ஹெர்ட்ஸில், அதை எது எவ்வளவு அடக்குகிறது, ஓரமும் ஸ்பைடரும் எத்தனை லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம் என்ற மூன்றும் தெரிந்தால் பெட்டி அளவு தானாக வரும். அளக்க ஒரு லேப்டாப், ஒரு ரெசிஸ்டர், இலவச மென்பொருள் போதும். வெறும் ஸ்பீக்கரை ஒரு முறை அளந்து, நகைக்கடைத் தராசில் சரியாக 10 கிராம் நிறுத்த களிமண் உருண்டையைக் கோனில் ஒட்டி இன்னொரு முறை அளந்தால் முடிந்தது. ஒத்ததிர்வு கீழே இறங்குகிற அளவிலிருந்து மற்றதெல்லாம் கிடைக்கும்.

கடையில் வாங்கிய ஒரே மாடல் மலிவு வூஃபர் நாலை அளந்து பார்த்தேன். ஒத்ததிர்வு 52, 58, 61, 70 ஹெர்ட்ஸ். இதில் எந்த ரெண்டு ஜோடி? பெரிய கம்பெனி வாங்கும் விலையில் ஒரு பங்கு இந்தப் பொறுக்கலுக்குத்தான் போகிறது. அதை நாமே உட்கார்ந்து செய்தால் காசு மிச்சம், நேரம்தான் செலவு.

---

கண்டெய்னர்_காளை | 13 ஜனவரி, மதியம் 1:30

சாப்பிட்ட கையோடு படித்தேன், சிரிப்பு வந்தது. சீனாவிலிருந்து ஒரு கண்டெய்னர் வூஃபர் இறக்கினால் என்ன விலைக்கு அடங்கும் தெரியுங்களா? நீங்கள் டாப் பிளேட் கடைவதற்கு ஆகிற கரண்ட் பில்லில் முழு ஸ்பீக்கரே வரும். ஊர்ப்பாசத்தை லேத்தில் கடைய முடியாது.

---

கணபதி_லேத் | 13 ஜனவரி, இரவு 10:10

காளை அண்ணா, விலையில் நீங்கள் சொல்வது சரிதான். புதுசு விலையில் நான் ஜெயிக்க மாட்டேன். நான் கேட்பது பதினோராம் வருடத்து விலை. அன்றைக்கு உங்கள் கண்டெய்னர் வூஃபருக்குக் காயிலும் ஓரமும் யார் தருவார்கள்?

---

முட்டைஅட்டை | 14 ஜனவரி, காலை 11:20

நாமக்கல்லிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் வேலைக்கு நடுவில் இந்த இழையைப் பார்த்தேன். கோனுக்கு வழி தெரியவில்லை என்று லேத் அண்ணன் எழுதியிருந்தார். கோன் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு வீடியோ பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நாங்கள் தினமும் செய்கிற வேலை!

எங்களுடையது முட்டை அட்டை போடும் யூனிட். பழைய பேப்பரை ஊறவைத்துக் கூழாக அடிக்கிறோம். வலை போர்த்திய அச்சைக் கூழில் முக்கி, உள்ளேயிருந்து காற்றை உறிஞ்சினால் தண்ணீர் போய் நார் மட்டும் வலையில் படியும். உரித்துக் காயவைத்தால் அட்டை. கோனுக்கும் அதே கூழ், அதே வலை, அதே உறிஞ்சல். அச்சு கூம்பாக இருக்க வேண்டும், கடைசியில் சூட்டு அச்சில் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணன் வலை அச்சு கடைந்து கொடுத்தால் நான் போட்டுத் தருகிறேன். காசு வேண்டாம், ஒரு ஜோடி ஸ்பீக்கர் கொடுங்கள்.

---

ஓம்_விதி | 14 ஜனவரி, மாலை 4:00

தம்பி, அருமை. ஆனால் முட்டை அட்டைக் கூழை அப்படியே போட வேண்டாம். செய்தித்தாள் நார் குட்டை, ஏற்கெனவே ஒரு முறை அடிபட்டது. கோனுக்கு நீள நார் வேண்டும். பழுப்பு அட்டைப்பெட்டி இருக்கிறதே, கிராஃப்ட், அதில் நீள நார் அதிகம். கரூர்ப் பக்கம் புகளூர் ஆலையில் 1984லிருந்து கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறார்கள். அந்தக் கூழ் நைஸாக இருக்கும், ஆனால் தனியாக நிற்காது. கலவைக்கு நல்லது. ஜப்பானில் ஃபாஸ்டெக்ஸ் கம்பெனி வாழை இனத்து நாரைச் சேர்த்துக் கோன் செய்கிறது. கோபியிலும் சத்தியிலும் வாழைத் தாரை வெட்டிய பிறகு மட்டையை என்ன செய்கிறோம்?

அடிப்பதிலும் கவனம். கூழை அதிகம் அடித்தால் கோன் விறைப்பாகி மணி மாதிரி ஒலிக்கும். குறைவாக அடித்தால் பஞ்சு மாதிரி தொய்யும்.

---

பனியன்_வேஸ்ட் | 14 ஜனவரி, இரவு 8:45

திருப்பூரிலிருந்து ஒரு குரல். பெட்டிக்குள் அடைக்கக் கண்ணாடி நாரும் பாலியெஸ்டர் பஞ்சும் எதற்கு? கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக இருக்கிறது. நான் அடைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், துணித் துண்டாகப் போட்டால் ஆறு மாதத்தில் அடியில் குவிந்துவிடும், மேலே காலி. துண்டைப் பிரித்து நாராக்கி, கழிவுப் பஞ்சில் நூல் நூற்கிற ஓப்பன் எண்ட் மில்லுக்குப் போவதற்கு முந்தைய பஞ்சாக வாங்கி, பழைய கொசுவலையில் தைத்துத் தொங்கவிட்டேன். நிற்கிறது. நடு ஒலியில் இருந்த டப்பாச் சத்தம் போய்விட்டது.

அப்புறம் பொள்ளாச்சிக்காரர் யாராவது வந்து தென்னை நார் என்று சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அதையும் பார்த்தேன். தூசி. பார்சல் கட்டத் தெர்மகோலுக்குப் பதில் வைக்க அருமையாக இருக்கும், பெட்டிக்குள்ளே வேண்டாம்.

---

தென்னந்தோப்பு | 14 ஜனவரி, இரவு 9:02

பொள்ளாச்சிக்காரன் வந்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. 🙂

---

மேட்டுப்பாளையம்_மரம் | 15 ஜனவரி, காலை 7:50

பெட்டியைப் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை. 18 மி.மீ. எம்.டி.எஃப்., அதாவது மர நாரை அழுத்திய பலகைதான் வேண்டும் என்று ஒரு பழக்கம். கனமான சுவர் என்றால் நல்ல சுவர் என்று நினைப்பு. கனச் சுவரும் அதிரும், அதிர்வு காது கூர்மையாகக் கேட்கிற நடு ஒலியில் போய் உட்காரும். பி.பி.சி. பொறியாளர்கள் 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்காகச் செய்த எல்.எஸ். 3/5ஏ என்ற சின்னப் பெட்டிக்கு 12 மி.மீ. பிளைவுட்தான் வைத்தார்கள். உள்ளே தார் பூசிய தகட்டை ஒட்டி அதிர்வை அடக்கினார்கள். இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள். 12க்கு இறங்கினால் மரத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் ஷீட்டைச் சூடு காட்டி ஒட்டிப் பார்த்தேன், தட்டினால் ‘டொக்’ என்று செத்த சத்தம். முதல் ரெண்டு வாரம் வாசனை இருக்கும், அதை மறைக்கவில்லை.

மரமும் இங்கேயே உண்டு. எங்கள் ஊர் வனக் கல்லூரி பிளைவுட்டுக்கென்று மலைவேம்பை விவசாயிகளிடம் கொண்டுபோனது. காட்டை வெட்டாமல், வரப்பில் வளர்ந்த மரத்தில் பெட்டி. ஒரு கணக்கும் தருகிறேன். வெளி அளவு 22க்கு 36க்கு 27 செ.மீ. பெட்டி ஒன்றுக்கு சுமார் 5 சதுர அடி பலகை. 8க்கு 4 தகட்டில் காகிதக் கணக்குக்கு மூன்று ஜோடி. ரம்பம் தின்கிற சேதாரம் போக மூன்றாவது ஜோடிக்கு ஒரு பக்கம் குறையும். எனக்கு ஒவ்வொரு முறையும் குறைகிறது.

---

செட்டுக்காரர்_தாராபுரம் | 15 ஜனவரி, இரவு 7:30

ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். சத்தம் எவ்வளவு கொடுக்கும்? ஒரு வாட்டுக்கு 84 டெசிபல் கொடுக்கிற ஸ்பீக்கரில் வருகிற சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கரில் கால்வாசி வாட்டில் எடுக்கலாம். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிற எனக்குத் தெரியும் அதன் அருமை. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், நல்ல சத்தம் மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் இயற்கை தராது. வீட்டுக்காரர்கள் எப்போதும் சத்தத்தைத்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள். பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், ஆம்பிளிபயர் செலவு தன்னால் இறங்கும்.

---

சிப்_சிங்காநல்லூர் | 16 ஜனவரி, இரவு 11:55

எல்லோரும் 1975லேயே இருக்கிறீர்கள். தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் மேல் ஒலியைச் சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவருக்குச் செம்புக் காயில், கெபாசிட்டர் எதற்கு? செம்பு விற்கிற விலையில்! அதே வேலையை மென்பொருளில் செய்கிற ஒரு சின்ன டி.எஸ்.பி. பலகை, ரெண்டு கிளாஸ் டி ஆம்பிளிபயர் போதும். வூஃபருக்கு வூஃபர் ஒத்ததிர்வு மாறினால் மென்பொருளில் திருத்திவிடலாம். நாமக்கல் தம்பியின் கோன் கொஞ்சம் கோணலாக வந்தாலும் சமாளிக்கலாம்.

---

கணபதி_லேத் | 17 ஜனவரி, இரவு 9:40

சிப் அண்ணா, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து வருடம் கழித்து அந்தப் பலகை செத்தால் அதே பலகை கிடைக்குமா? அந்த மென்பொருள் அன்றைக்குத் திறக்குமா? காயிலும் ஃபிலிம் கெபாசிட்டரும் என் மகன் காலத்திலும் கிடைக்கும். ஃபோம் ஓரம் போன அதே கதை சிப் ஓரமாக வரக் கூடாது என்பதுதான் என் பயம்.

---

ஓம்_விதி | 17 ஜனவரி, இரவு 10:15

ரெண்டு பேரும் பாதி சரி. ஸ்பீக்கரை வடிவமைக்கும்போது டி.எஸ்.பி.யில் வைத்துத் தேடுங்கள், ஒரு மாலையில் இருபது கிராஸ்ஓவர் முயன்று பார்க்கலாம். பிடித்தது கிடைத்ததும் அதைக் காயிலிலும் கெபாசிட்டரிலும் கட்டிவிடுங்கள். சிப் அண்ணனின் பலகை அடுத்த ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெரைட்டே எடுங்கள், நியோடிமியம் வேண்டாம். 1978ல் ஜயரில் (இன்றைய காங்கோ) கலவரம் வந்து கோபால்ட் விலை ஏறியதும் கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தத்தை விட்டு உலகமே ஃபெரைட்டுக்கு ஓடியது. நியோடிமியத்துக்கு 2011ல் விலை எகிறியது. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கேட்க ஆரம்பித்தது. ஃபெரைட் கனம்தான், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் இரும்புத் துரு. வீட்டு அலமாரியில் உட்கார்கிற பெட்டிக்குக் கனம் ஒரு குறையா?

---

கணபதி_லேத் | 2 மார்ச், இரவு 10:30

மன்னிக்கோணும், ரொம்ப நாள் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் பாடம்: லேத் பட்டறையில் காந்தத்தை வைப்பது எறும்புப் புற்றில் வெல்லத்தை வைப்பது. ஏற்கெனவே காந்தம் ஏற்றிய ஃபெரைட் வளையம் வாங்கியிருந்தேன். பையைப் பிரித்தேன், பத்து நிமிடத்தில் அதற்குத் தாடி முளைத்துவிட்டது. டாப் பிளேட்டை மேலே வைக்கும்போது ‘டப்’ என்று இழுத்தது, சுண்டு விரல் நடுவில். நகம் இன்னும் கறுப்பு. பெரிய தொழிற்சாலையில் காந்தம் ஏற்றாத வளையத்தை வைத்து ஒட்டி, கடைசியில் ஒரே அடியில் மின்சாரம் விட்டு ஏற்றுகிறார்கள். ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. இப்போது இந்த வேலையை மட்டும் வீட்டுச் சமையலறையில் செய்கிறேன். அதைப் பற்றி மேலே எதுவும் கேட்காதீர்கள்.

கோன்: வலை அச்சை மூன்று முறை கடைந்தேன். தம்பி முதல் தடவை போட்ட பன்னிரண்டு கோனில் எடை 9 கிராமிலிருந்து 14 கிராம் வரை. காய்ந்ததும் நாலு கோணிக்கொண்டன. ரெண்டாம் தடவை அட்டைப்பெட்டிக் கூழ் முக்கால், வாழை நார் கால், சூட்டு அச்சில் அழுத்தம். இருபது போட்டோம். பதினேழு 11 கிராமுக்கு அரை கிராம் முன்னே பின்னே. ஓரத்துக்குச் சென்னிமலைப் பருத்தித் துணியை மடிப்பு அச்சில் அழுத்திப் பசை பூசினேன். செட்டுக்காரர் அண்ணன் சொன்ன வழிதான். ஸ்பைடரும் காயிலும் ரீகோன் கடையில் கிடைக்கிறதையே போட்டேன். நாளைக்கு எரிந்தாலும் அதே கடையில் அதே அளவு கிடைக்கும் என்பதற்காகவே காந்த இடைவெளியை அந்தக் காயிலுக்கு ஏற்ற மாதிரி கடைந்தேன்.

செலவு: ஒரு வூஃபருக்கு எனக்கு ₹780 ஆனது, என் கூலியும் கெட்டுப்போனதும் சேர்க்காமல். சேர்த்தால் காளை அண்ணன் ஜெயிப்பார், சொல்லிவிடுகிறேன்.

ஓம்விதி அக்கா அளந்தார்கள். எட்டு வூஃபரில் ஆறு, ஒத்ததிர்வு 46க்கும் 50க்கும் நடுவில்.

---

ஓம்_விதி | 3 மார்ச், மாலை 5:20

அளவு உண்மைதான். ஆனால் 3,800 ஹெர்ட்ஸில் ஒரு மேடு இருக்கிறது, அண்ணா அதைச் சொல்லவில்லை. கோனின் பின்பக்கம் நீர்த்த வெள்ளைப் பசை ஒரு கை பூசினோம், பாதி இறங்கியது. மீதியைக் கிராஸ்ஓவர் பார்த்துக்கொள்ளும். பேச்சுக் குரலை வைத்துக் கேட்டேன். குரல் பெட்டிக்குள்ளிருந்து வராமல் அறையிலிருந்து வந்தது. எனக்கு அது போதும்.

---

கண்டெய்னர்_காளை | 3 மார்ச், இரவு 8:10

ஒரு ஜோடி என்ன விலை சொல்வீர்கள்? சும்மா கேட்கிறேன்.

---

கணபதி_லேத் | 3 மார்ச், இரவு 10:45

விலை அப்புறம் பேசலாமுங்க. முதலில் எனக்கு ஒரு அவசரம். அடுத்த ஆறு வூஃபருக்குக் காயிலை நடுவில் நிறுத்த எக்ஸ்ரே படம் வேண்டும். ஆஸ்பத்திரி லேப் ரெண்டில் கேட்டேன். இப்போதெல்லாம் போனிலேயே அனுப்பிவிடுகிறார்களாம், படமே போடுவதில்லையாம். யாரிடமாவது பழைய படம் இருக்கிறதா?

---

செட்டுக்காரர்_தாராபுரம் | 4 மார்ச், காலை 6:05

எங்கம்மாவின் முழங்கால் படம் ரெண்டு இருக்கிறது தம்பி. அம்மாவிடம் கேட்டேன், எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கோங்க, வரும்போது அந்த ஸ்பீக்கரையும் கொண்டு வாங்க.